கல்கியும் காற்றும் கடலும்

எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஒரு தமிழ் எழுத்தாளரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரவேணும் எண்டு மலர்க்குழுப் பிள்ளைகள் கேட்டார்கள். ஆரைப் பற்றி எழுதுவது என்று நான் கனநேரம் யோசிக்கவில்லை. அதற்குக் காரணம் என் பேத்தி.

பேத்தி இங்கே கிளென் வேவர்லியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு சிறுகதை எழுதச் சொல்லியிருந்தார்கள். மழை, புயல், தீ, வெள்ளம் என்று ஏதாவது ஒரு இயற்கைச் சக்தியைக் கதைக்குள் கொண்டுவந்து, அதைக் கொண்டே ஒரு பாத்திரத்தின் குணத்தை வளர்த்துக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. தமிழிலே இப்படி எழுதினவர்கள் ஆரும் இருக்கினமோ என்று அவள் என்னிடம் கேட்டாள். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! இருக்கினமோ என்றா கேட்கிறாய், வந்து இரு பிள்ளை என்று சொல்லி, கல்கியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவில்

ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கி பிறந்தது 1899 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி. ஊர், மாயவரத்துக்குப் பக்கத்திலுள்ள புத்தமங்கலம். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம். தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் வாய்க்காலும் வரப்புமாகக் கிடக்கிற சீமை அது. தகப்பனார் இராமசாமி ஐயர் கிராமக் கணக்குப் பார்த்தவர். வசதியான குடும்பம் அல்ல.

எங்கட யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணற்றை நம்பிய சனம் நாங்கள். ஆகையால் ஆற்றங்கரைப் பிள்ளையின் மனசு எப்படியிருக்கும் என்பது எனக்குக் கல்கியைப் படித்துத்தான் விளங்கியது. வருஷத்தில் பாதி நாள் மணலாய்க் கிடக்கிற ஆற்றில் ஆடி மாதம் ஒருநாள் புது வெள்ளம் வரும். ஊரே கரைக்கு ஓடும். பதினெட்டாம் பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு பெண்டு பிள்ளைகள் ஆற்றங்கரைக்குப் போவார்கள். அதே ஆறு ஐப்பசி கார்த்திகையில் கரையை உடைத்துக்கொண்டு குடிசைகளை அள்ளிக்கொண்டும் போகும். சோறு போடுவதும் அந்தத் தண்ணீர்தான், குடியைக் கெடுப்பதும் அந்தத் தண்ணீர்தான். இதைச் சின்ன வயசிலேயே கண்டு வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் கதை எழுத உட்கார்ந்தபோது, மழையையும் ஆற்றையும் வெறும் வர்ணனைக்காக எழுதவில்லை. கதையில் வரும் மனிதர்களுக்குச் சமமாக அவற்றையும் நடமாடவிட்டார்.

சிறையும் பத்திரிகையும்

மாயவரத்திலும் பிறகு திருச்சியிலும் படித்தார். 1921 இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது, பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டு வெளியே வந்தார். 1922 இல் ஒரு வருடச் சிறை. 1923 இல் திரு. வி. க. நடத்திய 'நவசக்தி'யில் உதவி ஆசிரியர். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்கான 'விமோசனம்' பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார். 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் மறுபடியும் சிறை. அந்த வருடம் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துபோய் உப்பு அள்ளிய இடம் வேதாரணியம். அதற்குப் பக்கத்தில்தான் கோடிக்கரை. கோடிக்கரையைப் பிறகு பார்ப்போம்.

1931 இல் எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அங்கே பத்து வருடம். தலையங்கம், நகைச்சுவை, பயணக் கட்டுரை என்று எல்லாம் எழுதினார். 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனமும் எழுதினார். தொடர்கதைக்காக வாரா வாரம் வாசகர்கள் காத்திருக்கிற பழக்கத்தைத் தமிழ்நாட்டில் பெரிதாக வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1937 இல் வந்த 'கள்வனின் காதலி'யில் கொள்ளிடக்கரை படுகைக் காடுதான் முத்தையனுக்கு ஒளிவிடம். உலகம் அவனைக் கள்ளன் என்று துரத்துகிறது, நாணலும் புதரும் அவனை மறைத்து வைக்கின்றன. அடுத்ததாக 1938-39 இல் 'தியாகபூமி'. நெடுங்கரைச் சம்பு சாஸ்திரி ஆசாரமான மனுஷர். புயலும் மழையும் வந்து சேரி மக்களின் குடிசைகள் அழிந்துபோகின்றன. சாஸ்திரி அவர்களைத் தன் வீட்டில் தங்க வைக்கிறார். அதற்காக அக்கிரகாரம் அவரைத் தள்ளிவைக்கிறது. இதை வெயில் நாளில் நடக்கிற கதையாக எழுதியிருந்தால் சாஸ்திரி நல்லவர் என்று பத்துப் பக்கம் பேசி நிறுவவேண்டியிருக்கும். மழை இரவு ஒன்று போதுமாயிருந்தது. கதவைத் திறக்கிறாரா, பூட்டுகிறாரா? அவ்வளவுதான் கேள்வி. கே. சுப்ரமணியம் இதை 1939 இல் படமாக எடுத்தார். மறுவருடம் வெள்ளைக்கார அரசாங்கம் படத்தைத் தடை செய்தது.

1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து மூன்றாவது தடவையாகச் சிறைக்குப் போனார். விகடனை விட்டு விலகி, நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டில் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். கையில் முதல் இல்லை. சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து வந்த பணம் பத்திரிகைக்கு உதவியது.

படகுக்காரர்கள்

அந்தப் பத்திரிகையில் முதலில் வந்த சரித்திரத் தொடர் 'பார்த்திபன் கனவு'. அதிலே சோழ இளவரசன் விக்கிரமன் ஒளித்துத் திரிகிற காலத்தில் காட்டாற்று வெள்ளத்தில் அகப்படுகிறான். அவனைக் காப்பாற்றுவது பொன்னன் என்ற படகோட்டி. மழையில் நனைந்த இளவரசன் காய்ச்சலோடு ஒரு மண்டபத்தில் கிடக்கிறான். பகையரசன் மகள் குந்தவி அவனைக் கண்டெடுக்கிறாள். ஒரு வெள்ளம் வந்து இளவரசனிடமிருந்து குதிரையையும் மிடுக்கையும் பறித்துவிட்டு, அவனை வெறும் மனிதனாகக் கரையில் போடுகிறது. அதற்குப் பிறகுதான் காதல், நட்பு எல்லாம் உண்மையாகிறது.

படகோட்டி என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இதே ஒழுங்கு மறுபடியும் வரும்.

பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம்

கல்கி தன் எழுத்துக்களில் மிக உயர்வாக மதித்தது 1948-49 இல் எழுதிய 'அலை ஓசை'யை. சரித்திரக் கதை அல்ல, தான் வாழ்ந்த காலத்தின் கதை. 1934 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி பீகாரை உலுக்கிய பூகம்பம் நடந்த காலத்தில் தொடங்கி, இந்தியப் பிரிவினை, காந்தியின் கொலை வரைக்கும் போகிறது. நான்கு பாகங்கள். அவற்றின் பெயர்கள் வரிசையாகப் பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம்.

இதைச் சொன்னதும் பேத்தி கண்ணை விரித்தாள். அவளுடைய பாடத்துக்கு இதைவிட வேறென்ன உதாரணம் வேணும்!

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதலாம் பாகத்துப் பூகம்பம் உண்மையாகவே நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் செத்துப்போன பூகம்பம். அதற்கு அடுத்தவை எல்லாம் மனிதர் உண்டாக்கியவை. நிலத்துக்கு அடியில் வெடிப்பு எப்படி மெல்ல மெல்ல உருவாகிப் பிறகு ஒருநாள் வெளியே தெரிகிறதோ, அப்படித்தான் அயலவர்களுக்கு இடையிலும் வெடிப்பு உண்டாகிறது என்று கல்கி காட்டுகிறார். ராஜம்பேட்டைத் தபால் சாவடியில் சாதுவாகத் தொடங்குகிற கதை, கடைசியில் இலட்சக்கணக்கான அகதிகள் மூட்டை முடிச்சுக்களோடு நடக்கிற வடஇந்தியத் தெருக்களில் போய் நிற்கிறது. 1947 இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். கதாநாயகி சீதாவின் காதில் இளம் வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிற அலைச் சத்தம் அவளை விடுவதேயில்லை. அது அவளுடைய பயம், அதுவே அவளுடைய விதியும். வெளியே இருக்கிற கடலைக் கல்கி ஒரு பெண்ணின் காதுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஊரில் இருந்தபோது அலை ஓசையை நான் அவ்வளவாக விரும்பவில்லை. ராஜா ராணி இல்லாத கதை எண்டு ஒதுக்கி வைத்தேன். அகதியான பிறகு படித்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. 1956 இல், கல்கி காலமாகி இரண்டு வருடத்துக்குப் பின், அந்த நூலுக்குச் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தது.

கோடிக்கரையும் எங்கட கடலும்

இப்போது கோடிக்கரைக்கு வருவோம். 1950 ஒக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. மூன்றரை வருடம், ஐந்து பாகம், முந்நூறுக்குக் கிட்டிய அத்தியாயங்கள். இதற்காக ஓவியர் மணியத்தையும் கூட்டிக்கொண்டு கல்கி இலங்கைக்கு வந்து இடங்களைப் பார்த்துப் போனார். முதலாம் பாகத்தின் பெயர் புது வெள்ளம். இரண்டாம் பாகம் சுழற்காற்று.

கதை ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். ஏரி நிரம்பித் தளும்புகிறது. அந்த வாலிபனின் மனசும் அப்படித்தான். துடிப்பு, ஆசை, கொஞ்சம் அவசரப் புத்தி. இன்னும் எதிலும் அடிபடாத புது வெள்ளம் அவன். தரையில் அவன் வாள் பேசும். கடலில் இறங்கினால் அந்த வீரம் ஒன்றுக்கும் உதவாது. அங்கே பூங்குழலியின் ராச்சியம்.

பூங்குழலி கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகள். தனியாகப் படகு வலித்து இலங்கைக்குப் போய் வருகிற பெண். எல்லாரும் பயப்படுகிற புயல்தான் அவளுக்குச் சந்தோஷம். கோடிக்கரைச் சதுப்பில் இரவிலே தோன்றி மறைகிற கொள்ளிவாய்ப் பிசாசு வெளிச்சங்களைத் தன் காதலர் என்று வந்தியத்தேவனுக்குக் காட்டுகிறாள். அது சேற்றிலிருந்து கிளம்புகிற வாயு எரிகிற வெளிச்சம் என்று கல்கியே விளக்கமும் தருகிறார். ஆனாலும் அந்தக் காட்சியைப் படித்தவர்களுக்கு அவள் நெஞ்சில் எரிகிற நிறைவேறாத ஆசை என்ன என்பது விளங்கிவிடும். அவள் வாய் திறந்து ஒப்பாரி வைக்கவேண்டியதில்லை.

பிறகு சுழற்காற்று வருகிறது. வந்தியத்தேவன் அகப்பட்ட மரக்கலத்தில் இடி விழுகிறது. இளவரசர் அருள்மொழி தன் உயிரைப் பாராமல் அவனைக் காப்பாற்றக் கடலில் இறங்குகிறார். இருவரும் அலையில் தத்தளிக்கும்போது பூங்குழலியின் படகு வந்து சேருகிறது. ஒரே புயல், மூன்று மனிதர். அரசகுமாரனுக்கு அது கடமையைச் சோதிக்கிற இடம். வீரனுக்குத் தன் எல்லையை அறிகிற இடம். ஓடக்காரப் பெண்ணுக்கோ அது தன் வேலைத்தலம். புயல் ஆருக்கும் புதுக்குணம் கொடுக்கவில்லை. உள்ளே கிடந்ததை வெளியே எடுத்துப் போட்டது.

ஐந்தாம் பாகத்தில் கடல் பொங்கி நாகபட்டினத்துக்குள் வருகிறது. சூடாமணி விகாரத்தில் காய்ச்சலில் கிடந்து எழும்பிய அருள்மொழி, தன் ஒளிவிடம் வெளிப்பட்டுவிடும் என்று தெரிந்தும் மற்றவர்களைக் காப்பாற்றப் போகிறார். பிற்காலத்து இராஜராஜ சோழன் எப்படிப்பட்ட மனுஷன் என்பதை அரியணையில் இருத்திக் காட்டாமல், இடுப்பளவு வெள்ளத்தில் நிறுத்திக் காட்டினார் கல்கி. அவர் அதை எழுதி ஐம்பது வருடத்துக்குப் பிறகு, 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, உண்மையிலேயே கடல் நாகபட்டினத்துக்குள் வந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே காலையில் எங்கட முல்லைத்தீவும் மருதமுனையும் கல்முனையும் என்ன பாடுபட்டன என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இது கல்கியோடு தொடங்கியதல்ல

இயற்கையைக் கொண்டு மனசைச் சொல்வது தமிழுக்குப் புதிது அல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. முல்லைக்குக் கார்காலமும் மாலையும். மழை வந்துவிட்டது, போனவர் இன்னும் வரவில்லை என்பதே அங்கு கதை. பாலைக்கு வேனிலும் நண்பகலும். பிரிவுக்கு வெயிலை வைத்தவர்கள் நாங்கள். கல்கி ஸ்கொட், டூமா போன்றவர்களின் நாவல்களை விரும்பிப் படித்து அவர்களிடம் கதை பின்னும் முறையைக் கற்றவர்தான். ஆனாலும் காவேரியும் கொள்ளிடமும் அவருக்கு மேல்நாட்டுச் சரக்கு அல்ல.

பேத்திக்குப் பழக்கப்பட்ட ஒரு உதாரணமும் சொன்னேன். இந்த அவுஸ்திரேலிய நாட்டு எழுத்தாளர் ஹென்றி லோசன் 1892 இல் எழுதிய மாடு சாய்ப்பவனின் மனைவி கதை. புருஷன் மாடுகளோடு தூர தேசம் போய்விட்டான். காட்டுக்குள் பிள்ளைகளோடு தனியாக இருக்கிற பெண் வெள்ளத்தையும் காட்டுத் தீயையும் வரட்சியையும் பாம்பையும் எதிர்கொள்கிறாள். வெள்ளம் அணையை உடைத்தபோது தோற்றாள், தீயை எதிர்த்து நின்றாள். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் 2009 பெப்ரவரி 7 ஆம் திகதிக் கறுப்புச் சனியன்று விக்டோரியாவில் 173 உயிர்களைக் குடித்த தீயைப் பார்த்த எங்களுக்கு, அந்தப் பெண் அயல்வீட்டுக்காரி மாதிரித் தெரிகிறாள்.

கல்கியில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தற்செயலாய் நடக்கிற சம்பவங்கள் கூடுதல். தழுவி எழுதுகிறார் என்று புதுமைப்பித்தன் அவரைக் கடுமையாகத் தாக்கினார். வாரா வாரம் எழுதுகிறவருக்குப் புயல் நல்ல வசதி. ஒரு வாரத்தைக் காற்று எழும்புகிற இடத்தில் நிறுத்தினால் அடுத்த வாரம் வாசகன் கட்டாயம் வருவான். ஆனால் வெறும் பரபரப்புக்காக மட்டும் எழுதின புயல் எழுபது வருடம் நிலைக்காது.

வகுப்பில் படிப்பித்ததும் வள்ளத்தில் படித்ததும்

இனிச் சொல்லப்போவதைப் பேத்திக்கு அன்றைக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் 'கல்கி' தொடர்கதைத் தாள்களைக் கிழித்துக் கட்டிய பெரிய புத்தகங்கள் இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபிறகு அவை பொன்போல. ஊரில் கைமாறிக் கைமாறி மூலை மடிந்துபோன தாள்கள். அவற்றைப் படித்துத்தான் நான் தமிழ் ஆசிரியரானேன். சுழற்காற்றுப் பகுதியை வகுப்பில் வாசித்து விளக்கும்போது பெடியள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். ஆபத்தில்தான் மனிதனின் குணம் தெரியும் என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன்.

1990 இல் சண்டை மறுபடி தொடங்கியபோது நான் மன்னாரில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆவணி மாதம் ஒரு இரவு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பேசாலைக் கரையில் வள்ளம் ஏறினேன். இராமேஸ்வரப் பக்கம் போகிற வள்ளம். சோழகக் காற்றுக் காலம். கொள்ளக்கூடியதைப் போல் இரண்டு மடங்கு சனம். நடுக்கடலில் காற்று உரத்து, அலை அடித்து, வள்ளத்துக்குள் தண்ணி ஏறத் தொடங்கியது. ஓட்டி பால்மாப் பேணிகளைத் தூக்கிப் போட்டு, ஆம்பிளைகள் எல்லாரும் இறையுங்கோ எண்டு சத்தம் வைத்தார்.

என் காலடியிலும் ஒரு பேணி வந்து விழுந்தது. நான் எடுக்கவில்லை. என் மடியில் ஒரு பை இருந்தது. எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், என் பட்டம், ஆசிரியர் நியமனக் கடிதம் எல்லாம் அதற்குள். இரண்டு கையாலும் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்குப் பக்கத்தில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு ஆச்சி. அவதான் குனிந்து அந்தப் பேணியை எடுத்தா. கரை வரும் வரைக்கும் இறைத்தா. என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை.

விடியப்புறம் தனுஷ்கோடிக்குக் கிட்ட ஒரு மணல் திட்டியில் எங்களை இறக்கிவிட்டு, ஓட்டி வந்த வழியே திரும்பிப் போனார். இன்னும் சனம் கரையில் நிற்குது எண்டார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. ஆச்சியின் பெயரையும் கேட்கவில்லை. மண்டபம் முகாமில் தேடினேன், கிடைக்கவில்லை.

வகுப்பில் நான் படிப்பித்த பாடத்துக்கு அந்த இரவுதான் பரீட்சை. பெயில் விட்டுவிட்டேன் எண்டுதான் சொல்லவேணும். அதற்குப் பிறகு பல வருடம் பொன்னியின் செல்வனைக் கையால் தொடவில்லை. படித்துக்கொண்டு போனால் அந்தப் பகுதி வந்துவிடும் என்ற பயம்.

திரும்பப் படித்தபோது

2022 இல் மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது பேத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். இருட்டில் திரையில் அந்தக் கடல் எழும்பியது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டா. வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தகத்தை எடுத்து இரண்டாம் பாகத்தை விடிய விடிய வாசித்தேன்.

முப்பது வருடமாக நான் அந்தக் காட்சியில் இளவரசரையும் வந்தியத்தேவனையும் மட்டுமே பார்த்திருக்கிறேன். படிப்பித்ததும் அவர்களைப் பற்றித்தான். அந்த இரவு முதல்முறையாகப் படகைப் பார்த்தேன். விக்கிரமனைக் காப்பாற்றியது பொன்னன், படகுக்காரன். அருள்மொழியைக் காப்பாற்றியது பூங்குழலி, ஓடக்காரி. கல்கி அக்கிரகாரத்தில் பிறந்தவர், அரச குலத்தின் பெருமை பாடியவர் என்பார்கள். ஆனால் காற்று எழும்பினவுடன் அவர் கதையின் துடுப்பை ஆற்றையும் கடலையும் அறிந்தவர்களின் கையில் கொடுத்துவிடுகிறார். அரசர்கள் அவர்களால்தான் கரை சேருகிறார்கள். சேற்றுக்கும் அலைக்கும் பழகிய சனத்தைச் சின்ன வயசிலேயே கண்டவர் ஆகையால்தான் இது அவருக்குத் தெரிந்திருக்க வேணும்.

எங்களிலும் எத்தனைபேர் அப்படி வந்தவர்கள்! இன்றைக்குப் பிள்ளைகளின் பட்டத்தையும் வீட்டின் பெறுமதியையும் பற்றிக் கதைக்கிறோம். ஊரிலே கரையோரச் சனத்தோடு ஒரு பந்தியில் இருக்கமாட்டோம் என்று நின்ற குடும்பங்களும் எங்களுக்குள் உண்டு. கடைசியில் எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது ஆருடைய வள்ளம் என்பதை மறந்துவிடக்கூடாது.

கல்கி 1954 டிசம்பர் 5 ஆம் திகதி, ஐம்பத்தைந்தாவது வயதில் சென்னையில் காலமானார். பொன்னியின் செல்வனை முடித்த அதே ஆண்டு. அப்போது எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா'வை மகள் ஆனந்தி அவருடைய குறிப்புகளை வைத்து நிறைவு செய்தார். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று உழைத்தவர் அவர். 1947 இல் அது திறக்கப்பட்டது. 'மீரா' படத்துக்குக் கதை வசனமும் பாட்டும் எழுதினார். 1999 இல், அவருடைய நூற்றாண்டில், தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. ஆகையால் இன்று ஆரும் அவற்றை அச்சிடலாம், ஆரும் எளிதாக வாங்கிப் படிக்கலாம்.

பேத்தி தன் கதையை எழுதி முடித்துவிட்டாள். என்னத்தைப் பற்றி எண்டு கேட்டேன். ஒரு படகில் தண்ணி இறைக்கிற கிழவியைப் பற்றியாம். அம்மம்மா சொன்னவ எண்டாள். மனைவி எனக்குத் தெரியாமல் அவளுக்குச் சொல்லியிருக்கிறா. கதையில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு வாத்தியாரும் வருகிறாரோ எண்டு கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவளே சொன்னாள். வருகிறாராம். கடைசியில் அந்த வாத்தியார் பேணியை வாங்கி இறைக்கிறாராம். அப்படி நடக்கவில்லை பிள்ளை எண்டேன். கதைதானே அப்பப்பா எண்டாள்.

சித்திரை பிறக்கும்போது ஊரில் வேம்பு பூத்திருக்கும். இங்கே கிளென் வேவர்லித் தெருக்களில் இலை பழுத்து விழுகிறது, குளிர்காற்றுத் தொடங்கிவிட்டது. காற்று எந்தத் திசையால் வந்தாலும், காலடியில் வந்து விழுகிற பேணியை எடுக்கிற மனம் எங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கவேண்டும். பெயர் தெரியாத அந்த ஓட்டிக்கும் ஆச்சிக்கும் இக்கட்டுரையைக் காணிக்கையாக்கி, சங்க உறவுகள் அனைவருக்கும் என் புத்தாண்டு வாழ்த்துக்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்.